இ-சிம்முக்கு வைத்த பரஸ்தானம்

ஆரணி பாவடித் தெரு பட்டு நெசவாளர் சங்கத்துக்கு வயசு ஐம்பத்தெட்டு. இந்த ஐம்பத்தெட்டு வருஷத்தில் சங்க வேலையாக ஊரைத் தாண்டிப் போனவர் யார் என்று தேடினால், பழைய தலைவர் ஒருவர் தேறுவார். அவர் போனது வந்தவாசிக்கு. அதுவும் போளூருக்குப் போக நினைத்து பஸ் மாறி ஏறியதால் நடந்தது. இருந்தாலும் அந்தப் பயணம் ஆண்டறிக்கையில் 'வெளியூர்ச் சந்தை நேரடி ஆய்வு' என்று பதிவாகி, பொதுக்குழுவில் கைதட்டலோடு ஏற்கப்பட்டது.

அப்பேர்ப்பட்ட சங்கத்துக்குப் பாங்காக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு பட்டுக் கண்காட்சி. திங்கள் முதல் வியாழன் வரை. பீர்க்கம்பூ பார்டர் போட்ட புடவையை வரைந்த நெசவாளரை அனுப்பி வையுங்கள், டிக்கெட்டும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு, நெட் மட்டும் அவரவர் ஏற்பாடு என்று எழுதியிருந்தார்கள். கடைசி நாள், ஆரணி மணிக்குப் பதினோரு மணிக்கு, ஊரில் தறி ஓடுவதை செல்போனில் நேரலையாகக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் சால்வை ஆர்டர் தருவார்கள். சின்ன ஆர்டர் இல்லை, பாவடித் தெருவில் இருபது தறிக்கு இரண்டு வருஷம் வேலை.

பீர்க்கம்பூவை வரைந்தது ஹேமலதா. வரைவது அவள், நெய்வது அவளும் அவள் வீட்டுக்காரன் சதீஷும். தொழில் கொஞ்ச நாளாக மந்தம். இந்த ஆர்டர் வந்தால் சதீஷ் தறியில் உட்காருவான். வராவிட்டால் அடுத்த ஒண்ணாம் தேதி ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறுவான். இப்படித்தான் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஹேமலதா முதலில் போனது பஜாரில் தீனாவின் செல் கடைக்கு.

"ரோமிங் எல்லாம் இன்னாத்துக்குக்கா? இ-சிம் போட்டுக்கங்க. மெயில்ல ஒரு கியூஆர் கோடு வரும். ஸ்கேன் பண்ணா சிம்மு போனுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஏழு நாளு நெட்டு. கையில புடிக்க ஒண்ணும் இருக்காது" என்றான் தீனா.

"தொலைஞ்சி போச்சின்னா?"

"இருந்தாத்தானேக்கா தொலையும்!"

விலையும் பெரிசில்லை. இரண்டு பிரியாணி வாங்கித் தின்ன மாதிரி. அங்கேயே வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், நீங்களும் உங்கள் வேலையைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஹேமலதா மரியாதை தெரிந்தவள். சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று போனாள்.

சங்கச் செயலாளர் மாணிக்கவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு விஷயம் சின்னதாக இருந்தால் அதைப் பெரிசாக்குவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

"சங்கத்து பேர்ல போற பிரதிநிதி சொந்த சிம்முல பேசினா, அது சொந்தப் பேச்சு ஆயிடும்மா. சங்கம்தான் வாங்கித் தரணும்."

"ஐயா, வாங்கினாலும் என் போன்லதானுங்களே போடப் போறோம்?"

"அது அப்புறம். மொதல்ல தீர்மானம்."

தீர்மானம் போட்டார்கள். 'பிரதிநிதிக்கு வெளிநாட்டுப் பயன்பாட்டின் பொருட்டு, கண்ணுக்குப் புலப்படாத தொலைத்தொடர்பு அட்டை ஒன்று, ஒன்று மட்டும், வழங்கப்படலாம் என இதன்மூலம் தீர்மானிக்கப்படுகிறது. மேற்படி அட்டையைத் தவிர வேறு அட்டையைப் பிரதிநிதி விலைக்கு வாங்கலாகாது.' கோடு சங்கத்து மெயிலுக்கு வந்தது. எழுத்தர் ஜீவானந்தம் அதைப் பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு, அரக்கு சீல் வைத்து, பீரோவில் பூட்டினான். கண்ணுக்குத் தெரியாத சாமானுக்குத்தான் காவல் அதிகம் தேவை என்பது அவன் கட்சி.

அடுத்து வந்தது சூலம். இதைக் கிளப்பியது ஹேமலதாதான். பழியை மொத்தமாக ஆபீஸ் மேல் போட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும்.

விமானம் சனிக்கிழமை. பாங்காக் இருப்பது கிழக்கே. சனிக்கிழமை கிழக்கே சூலம்! காலண்டர் தாளிலேயே போட்டிருக்கிறது. தயிர் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷம் போய்விடும் என்று பரிகாரமும் போட்டிருக்கிறது. ஆனால் தயிர் என்பது வந்தவாசி வரைக்கும் போகிறவனுக்கு. கடல் தாண்டிப் போகிறவளுக்கு ஒரு கரண்டித் தயிர் எந்த மூலைக்கு?

"பரஸ்தானம் வெச்சிட்டுப் போறேங்கய்யா" என்றாள் ஹேமலதா.

பரஸ்தானம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்து, கொண்டுபோகும் மூட்டையில் ஒன்றை மட்டும் எடுத்து, போகிற திசையில் இருக்கும் வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். மூட்டை வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டதால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் சூலம் அவரைக் கண்டுகொள்ளாது. சூலத்தையே ஏமாற்றக் கண்டுபிடித்த ஊர் நம்மூர். ஆபீஸ் எந்த மூலைக்கு என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள்.

மாணிக்கவேலுக்கும் பரஸ்தானத்தில் நம்பிக்கை உண்டு. ஆனால் எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பவர் அவர்.

"இன்னா வெக்கப் போறே?"

"ஒரு புடவையும் அரிசியும் மஞ்சளும் முடிஞ்சி வெக்கலாம்னு இருக்கேன்."

"புடவை உள்ளூர்ல கட்டறது. அரிசி உள்ளூர்ல துன்றது. அதுங்க வெளிநாட்டுக்குக் கெளம்பிச்சின்னு சூலம் எப்படிம்மா நம்பும்? வெளிநாட்டுக்குன்னே வாங்கின சாமான் உங்கிட்ட இன்னா இருக்குது?"

ஹேமலதா யோசித்தாள். ஜீவானந்தம் பீரோவைப் பார்த்தான்.

"இ-சிம்மு!" என்றார்கள் இரண்டு பேரும்.

"அதைத்தான் வெக்கணும். உன் போன்ல வெச்சா அது பரஸ்தானம் ஆகாது. வேற ஒருத்தர் இடத்துல இருக்கணும், கிழக்கால இருக்கணும். என் வீடு கிழக்கால. என் போனும் அங்கதான் இருக்கும்."

நியாயம்தானே? ஒரு ஓட்டை காட்டுங்கள் பார்ப்போம். ஹேமலதாவும் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தே முக்கால், நல்ல நேரம். மாணிக்கவேல் வீட்டில் தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி, அதன்மேல் அவர் போனை வைத்து, முதுகில் குங்குமப் பொட்டு வைத்தார்கள். அவர் சம்சாரம் ரேணுகாம்பாள் கற்பூரம் ஏற்றினாள். ஜீவானந்தம் அரக்கு சீலை உடைத்துக் காகிதத்தைப் போனுக்கு நேரே பிடித்தான். 'சிம் சேர்க்கப்பட்டது' என்று திரை சொன்னது. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"சார், 'உங்கள் ஏழு நாள் இப்போது தொடங்குகிறது'ன்னு போட்டிருக்குது" என்று ஜீவானந்தம் வாசித்தான்.

"தொடங்கட்டும்யா. அதுக்குத்தானே நல்ல நேரம் பார்த்தோம்" என்றார் மாணிக்கவேல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹேமலதா பரஸ்தானத்தை எடுத்துக்கொண்டு போக வந்தாள். புடவை முடிச்சாக இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருப்பாள். இது வரவில்லை. ஜீவானந்தம் அழுத்திப் பார்த்தான், தேய்த்துப் பார்த்தான், போனைக் கவிழ்த்து உதறியும் பார்த்தான். கடைசியில் தீனாவை வரவழைத்தார்கள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இதை யாரு சார் இங்க போட்டது? ஒரு கோடு ஒரு தபாதான் ஸ்கேன் ஆவும். ஒரு போன்ல உக்காந்தா உக்காந்ததுதான். வேற போனுக்கு வராது. புதுசா ஒண்ணு வாங்கிக்கங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"ஒண்ணு மட்டும்னு தீர்மானம் இருக்குதுப்பா" என்றார் மாணிக்கவேல்.

"தொலைஞ்சி போச்சின்னு எழுதிக்கலாமே சார்?" இது ஹேமலதா.

"எங்க தொலைஞ்சிது? இதோ இருக்குதே. அரசாங்கத்துகிட்டயும் பொய் சொல்லக் கூடாது, சூலத்துகிட்டயும் பொய் சொல்லக் கூடாது. அதுவுமில்லாம, பரஸ்தானம் வெச்ச சாமான் பயணம் போவாம இங்கயே கெடந்தா குடும்பத்துக்கு ஆவாது."

இந்தக் கடைசி வார்த்தையில் ஹேமலதா அடங்கிப் போனாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது.

மாணிக்கவேல் தொண்டையைக் கனைத்தார். "சிம் போகணும்னா போன் போகணும். போன் போகணும்னா..." என்று இழுத்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேலே ஃபேனைப் பார்த்தார்.

"சாருக்குப் பாஸ்போர்ட் இல்லீங்களே" என்றான் ஜீவானந்தம். "பாஸ்போர்ட்டுக்கு ஆபீஸ்ல தடையில்லாச் சான்று தரணும். அந்தக் காயிதம் சார் மேசையிலதான் ரெண்டு வருஷமா கையெழுத்துக்கு நிக்குது."

மனுஷன் தன் காகிதத்தைக்கூடச் சீக்கிரம் பார்த்தவர் இல்லை. அந்த விஷயத்தில் பாரபட்சமே கிடையாது.

ஆகவே போன் மட்டும் போவது என்று முடிவாயிற்று. வெறுமனே கையில் கொடுத்துவிட முடியுமா? சங்கத்து வேலை எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு ஃபாரம் வேண்டும். ஜீவானந்தம் பீரோவைக் கவிழ்த்துத் தேடியதில் ஒரே ஒரு ஃபாரம்தான் கிடைத்தது: 'செயலாளர் பொறுப்பு ஒப்படைப்புச் சான்று'. மாணிக்கவேல் ஒப்படைத்ததாகவும் ஹேமலதா பெற்றுக்கொண்டதாகவும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் விரல் ரேகையைப் போனில் பதிந்தார்கள். போனைக் கொடுக்கும்போது மாணிக்கவேலின் கண் கலங்கியது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அவர் இப்படி அழவில்லை என்று ரேணுகாம்பாள் அப்புறம் சொன்னாள்.

சனிக்கிழமை ஹேமலதா கிளம்பினாள். எதற்கும் இருக்கட்டும் என்று தயிரும் குடித்துவிட்டுத்தான் போனாள்.

பாங்காக்கில் இறங்கியதும் போனுக்கு உயிர் வந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், இ-சிம் பிரமாதமாக வேலை செய்தது. நெட் வந்த வேகத்தில் போன் கைக்குள் துள்ளியது. டிங், டிங், டிங் என்று நிற்காமல் அடித்தது. என்னடா பேஜார் என்று பார்த்தாள். 'நெசவு ஒப்புதல்' என்று ஒரு செயலி. உள்ளே இருநூற்றுப் பதினாலு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவானந்தம் கூப்பிட்டான்.

"ஏம்மா ஹேமலதா, சாப்ட்டியா? ஒண்ணுமில்ல, கமலம் வந்து வீட்டாண்ட உக்காந்துகினு இருக்குது. தறி ரிப்பேருக்கு எழுதிக் குடுத்து அஞ்சு மாசம் ஆவுது. உங்கிட்ட இருக்கற போன்ல அந்தப் பட்டனை அமுக்கினா முடிஞ்சிடும்."

"பட்டனா? மேலிடத்துல நிக்குதுன்னு சொன்னீங்களே?"

"அதாம்மா மேலிடம். உங்கையிலதான் இருக்குது."

ஹேமலதாவுக்கு வயிறு எரிந்தது. ஐந்து மாதமாகக் கமலம் நடையாக நடந்து, மேலிடம், மேலிடம் என்று கேட்டுக்கேட்டுச் செருப்புத் தேய்ந்துபோய், அந்த மேலிடம் மாணிக்கவேலின் சட்டைப் பையில் குலுங்கிக்கொண்டு எதிரே நின்றிருக்கிறது! நாசமாய்ப் போக என்று வாய்விட்டுத் திட்டிவிட்டுப் பட்டனை அமுக்கினாள். ஒரு நொடி. கமலத்தின் ஐந்து மாதம் தீர்ந்தது.

திங்கட்கிழமை கண்காட்சியில் உட்கார்ந்தபடியே நாற்பத்தொன்று அமுக்கினாள். ஆரணியில் ஜனங்கள் தேரோட்டம் மாதிரி சங்கத்துக்கு ஓடினார்கள். ஜீவானந்தம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டான். மாணிக்கவேல் போன் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதற்கும் தேடவில்லை. அதையும் அவர் வேலையாகத்தான் செய்தார், சரியாகப் பத்து மணிக்கு வந்து ஐந்தே முக்காலுக்குப் போனார்.

ஜீவானந்தத்தின் பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை 'ஏம்மா'. திங்கட்கிழமை மத்தியானம் 'அம்மா'. செவ்வாய்க்கிழமை 'மேடம்'.

அந்த 'மேடம்' இருக்கிறதே, அது பொல்லாத வார்த்தை. காதில் விழுந்தால் போதும், முதுகு தானாக நிமிரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹேமலதா, "எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டா நாம படிச்சிப் பாக்கலன்னு நெனச்சிக்குவாங்க ஜீவானந்தம்" என்றாள். புதன்கிழமை காலை, "விண்ணப்பம் முழு வடிவத்துல இல்லியே" என்றாள். முழு வடிவம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஜீவானந்தத்துக்கும் தெரியாது. ஆனால் அவன், "ஆமாங்க மேடம்" என்று மகிழ்ச்சியோடு விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டு நாளாகப் பறிபோயிருந்த மதியச் சாப்பாடு திரும்பிவிட்டது.

புதன்கிழமை சாயங்காலம் சதீஷ் கூப்பிட்டான்.

"லதா, நாளைக்குத் தறி காட்டணும் இல்ல? பாவு ஏத்தி வெச்சிட்டேன். குறுக்கால ஓட்டற ஊடைக்குப் பட்டு இல்ல. சங்கத்துல எழுதிக் குடுத்துட்டேன். உன் பட்டனை அமுக்கு, ஜல்தி. போய் வாங்கினு வந்துடறேன்."

"நேரா எங்கிட்டயே கேக்கறீங்களே. ஜீவானந்தம் மூலமா வரணும்."

"இன்னாது?"

"ஏங்க, கோவப்படாதீங்க. சொந்தக்காரருக்கு மொதல்ல போட்டா ஊரு இன்னா பேசும்? உங்களுக்கு முன்னால பதினேழு பேரு இருக்காங்க."

"அடியே, அந்தப் பதினேழு பேருக்கும் சேத்துதான்டி நாளைக்குத் தறி காட்டணும்!"

ஹேமலதாவுக்கும் அது தெரியாமல் இல்லை. புருஷன் குரல் கேட்டதும் மனசு இளகியது. விரல் பட்டன் கிட்டே போகவும் செய்தது. அப்போது பார்த்து இன்னொரு யோசனை வந்தது. யோசனை என்பது அந்தப் போனோடு கூட வந்த வியாதியோ என்னவோ.

"நாளைக்கு வியாழக்கிழமைங்க. பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். போன வாரம் பரஸ்தானம் வெச்ச அதே நேரம். அப்ப அமுக்கறேன், ஆர்டர் தானா வரும். நீங்க போய் கவுண்டர்ல நில்லுங்க. கால் மணி நேரத்துல வாங்கினு வந்து உக்கார முடியாதா? ரெண்டு தெரு தள்ளித்தானே வீடு."

சதீஷ் போனை வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை. பாங்காக் மணி பன்னிரண்டே கால். ஆரணியில் பத்தே முக்கால். ஹேமலதா பீர்க்கம்பூ புடவை கட்டி, சாமி படத்தைப் பார்த்து, பச்சைப் பட்டனை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரையில் எழுத்து வந்தது: 'உங்கள் ஏழு நாள் நிறைவடைந்தது. எங்களுடன் பயணித்ததற்கு நன்றி.'

போன வியாழன் பத்தே முக்காலிலிருந்து இந்த வியாழன் பத்தே முக்கால் வரை. ஏழு நாள். நிமிஷம் பிசகவில்லை. நல்ல நேரத்துக்கு ஒரு குணம், வாராவாரம் வந்துவிடும்.

அவள் போனைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கண்காட்சியில் மொழிபெயர்த்துச் சொல்ல வைத்திருந்த சிவசங்கரி என்ற மலேசியாப் பெண் ஓடிவந்தாள்.

"என்ன அக்கா, ஏன் அழறீங்க?"

"நெட்டு போச்சும்மா. சிம்மு செத்துடுச்சி. அங்க எல்லாரும் காத்துகினு இருக்காங்க."

"அதுக்கா? இங்க மண்டபம் முழுக்க இலவச வைஃபை இருக்குதே அக்கா. நாலு நாளா உங்க தலைக்கு மேலேதான் போர்டு தொங்குது!"

ஹேமலதா அண்ணாந்து பார்த்தாள். ஆமாம். தலைக்கு நேர் மேலே, சைக்கிள் சக்கரம் அளவுக்கு. கீழே கடவுச்சொல்: ஒன்று முதல் எட்டு வரை. திட்டுவதற்கு ஆள் தேடினாள். பக்கத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

வைஃபையைப் போட்டாள். மறுபடி பட்டனை அமுக்கினாள். செயலி சொன்னது: 'புதிய இணைப்பு கண்டறியப்பட்டது. பாதுகாப்பு கருதி இருபத்துநான்கு மணி நேரம் காத்திருக்கவும்.'

இதற்குள் வாங்குகிறவர்கள் வந்துவிட்டார்கள். ஆறு பேர். அவர்களுக்குத் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். அரிசி மூட்டைச் சாக்கு மாதிரி ஒரு கவுன் போட்டிருந்தாள். அதன் விலைக்கு நிஜமாகவே ஒரு லாரி அரிசி வாங்கலாம் என்று சிவசங்கரி காதில் சொன்னாள். ஆரணியில் பதினோரு மணி. வேறு வழியில்லை. ஹேமலதா சாமியை வேண்டிக்கொண்டு சதீஷுக்கு வீடியோ கால் போட்டாள். பெரிய திரையில் படம் விழுந்தது.

தறி தெரியவில்லை. கவுண்டர் தெரிந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் கையில் ஃபாரத்தோடு சதீஷ். அவனைச் சுற்றி அந்தப் பதினேழு பேர். கம்பிக்கு அந்தப் பக்கம் ஜீவானந்தம், கேமராவைப் பார்த்ததும் தலை வாரிக்கொண்டான். அவனுக்கும் பின்னால், ஒன்றுமில்லாத மேசைக்கு முன்னால், மாணிக்கவேல் ஃபேனைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் வரல லதா. மேலிடத்துல நிக்குதாம்" என்றான் சதீஷ். அவன் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

"தறி எங்கே என்று கேட்கிறார்கள்" என்றாள் சிவசங்கரி.

பொய் சொல்ல ஹேமலதாவுக்குத் தெம்பில்லை. "தறி வீட்டுல இருக்குதும்மா. நூலு கெடைக்கணும். அதுக்குத்தான் நிக்கறாரு."

"எவ்வளவு நேரம் நிற்பார்?"

"இது நேரக் கணக்கு இல்லம்மா. அஞ்சு மாசம் ஆவும்."

சிவசங்கரி மொழிபெயர்த்தாள். ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று ஹேமலதா நினைத்தாள். கம்பெனி பஸ் கண்முன்னே வந்து நின்றது.

சாக்குக் கவுன் அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐந்து மாதம்! ஒரு நூலுக்கா?"

"ஆமா. சில பேருக்கு ஏழு."

"அந்தப் பெரியவர் யார்? தியானம் செய்கிறாரே."

"அவருதான் செயலாளர்."

"அவர் பணி என்ன?"

ஹேமலதா கொஞ்சம் யோசித்தாள். "காத்திருக்க வெக்கறது."

அம்மாளுக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. மற்ற ஐந்து பேரும் தங்களுக்குள் கசமுசவென்று பேசினார்கள். சிவசங்கரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். உலகம் முழுக்க இப்போது அவசரமில்லாத துணிக்குத்தான் மவுசாம். மெதுவாக நூற்றது, மெதுவாக நெய்தது எல்லாம் கடைக்கு வந்துவிட்டதாம். ஆனால் நெய்வதற்கு முன்னாலேயே ஐந்து மாதம் சும்மா நிற்கிற துணியை அவர்கள் எங்கேயும் பார்த்ததில்லையாம். மனித குலம் மறந்துபோன பொறுமை இந்த ஊரில் கம்பிக்குள் பாதுகாக்கப்படுகிறதாம்.

"ஆர்டர் தருகிறார்கள் அக்கா. இருபது தறிக்கும். ஒரே நிபந்தனை. அவசரப்படுத்தக் கூடாது. ஒவ்வொரு சால்வைக்கும், 'இந்த நூல் ஐந்து மாதம் காத்திருந்தது' என்று செயலாளர் கையெழுத்தோடு சான்று வேண்டுமாம்."

ஹேமலதா ஊர் திரும்பியபோது பஸ் ஸ்டாண்டில் மாலையோடு நின்றார்கள். மாலை அவளுக்கு இல்லை, மாணிக்கவேலுக்கு. ஐம்பத்தெட்டு வருஷமாகச் சங்கம் அயராது கட்டிக்காத்த தாமதத்துக்கு உலக அங்கீகாரம் கிடைத்ததாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். அவர் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளே சுற்றறிக்கை வந்தது. 'ஐந்து மாதத்துக்கு முன்னதாக நூல் பெறும் உறுப்பினர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' ஹேமலதா ஒரே நொடியில் தீர்த்து வைத்தாளே கமலம், அவள் வந்து இவளைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "உன்னை யாருடி சீக்கிரம் போடச் சொன்னது? காத்திருந்தவளுங்க லிஸ்ட்ல என் பேரே இல்லியாம்!"

ஆர்டர் வந்துவிட்டது. வேலை வர ஐந்து மாதம். அதுவரைக்கும் சாப்பிட வேண்டுமே? ஒண்ணாம் தேதி காலை சதீஷ் டிபன் பாக்ஸோடு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்காகப் போய் நின்றான். போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஹேமலதா உள்ளே வந்து ஊடையில்லாத தறிமேல் தலையை வைத்து அழுதாள். பட்டனை அமுக்காத விரலைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

அழுது முடித்து, முகம் கழுவி, பஜாருக்குப் போனாள். தீனாவின் கடையில் கூட்டம். வாசலில் புதுப் பலகை: 'இ-சிம், ரீசார்ஜ், ஐந்து மாதத் தாமதச் சான்று. இரண்டே நாளில்.'

"இன்னாப்பா இது, அஞ்சு மாசத்தை ரெண்டு நாள்ல எப்படித் தர?"

"உள்ளே ஆள் இருக்குதுக்கா" என்றான் தீனா, குரலைத் தாழ்த்தி. "விண்ணப்பத் தேதியை மட்டும் அஞ்சு மாசம் முன்னால போட்டு செயலாளர் பட்டனை அமுக்கிடுவாரு. இப்ப எல்லாம் ஒடனே அமுக்கறாரு. கமலக்கா நேத்தே எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்களும் எழுதிக் குடுத்தா வெள்ளிக்கிழமைக்குள்ள நூலு வந்துடும், வீட்டுக்காரரை வேலைக்கு அனுப்பாதீங்க."

ஹேமலதா சுற்றுமுற்றும் பார்த்தாள். இது தப்பு என்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் காகிதம் வாங்க நின்ற எல்லோருக்கும் தெரியும். வரிசையில் அவளுக்கு முன்னால் பதினேழு பேர் நின்றார்கள், எல்லாம் தெரிந்த முகம்.

"எழுதிடட்டுமாக்கா? இப்பவே அனுப்பிடவா?" என்றான் தீனா.

"இப்பவா?" ஹேமலதா கைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தாள். "கொஞ்சம் இரு. இப்ப ராகு காலம்."